சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்

நூற்றுப் பதினேழு எழுத்துரு இறக்கிவிட்டேன்.
எல்லாம் இலவசம்.
இலவசம் என்றால் என்னவென்று
டாண்டினோங் சந்தை மூடும் நேரத்தில்
வாழைப்பழப் பெட்டி தூக்கியவர்களுக்குத் தெரியும்:
அழுகல் அடியில்தான் இருக்கும்.

கலியாணம் பங்குனியில். இப்போது ஆடி.
இந்த நாட்டு ஆடிக்காற்றுக்குப் பல்லும் உண்டு.
கராஜுக்குள் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு
இவர் படத்தை வெட்டி ஒட்டி முடித்தார்.
எழுத்து உம்முடைய பாடு என்று
எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

முதலாவதைப் போட்டேன்: மரண அறிவித்தல்.
மணமகன் பெயரைச் சுற்றி
ஒரு கறுப்புக் கரைதான் குறை.
இரண்டாவது, நகைக்கடைப் பலகை.
ஐந்தாவதில் ற எது ர எது என்று பார்க்க
பூதக்கண்ணாடி வேண்டும்;
வரவேற்பில் மாமா புகழ்ந்த கறி
திரையில் கரியாகிவிட்டது.
(நான் அந்தப் பந்தியில் இருந்தவள்.
எழுத்துரு பொய் சொல்லவில்லை.)

பதினோராவது வடிவு. அவ்வளவு வடிவு.
ஆனால் அதில் ழ இல்லை.
செய்தவர் அந்த இடத்தில்
தேத்தண்ணி குடிக்க எழும்பியிருப்பார்.
மணமக்கள் வாழ்க என்று அடித்தால்
வா, பிறகு ஒரு வெறும் பெட்டி, பிறகு க.
பெட்டியோடு வா என்று
பெண் வீட்டைக் கேட்பது போல.

பிறகு மச்சாளின் பெயர்.
கௌசிகா. அடிக்கும் இடத்தில் ஒழுங்காய் நின்றாள்.
சப்டைட்டில் மென்பொருளுக்குள் போனதும்
வால் கழன்று தனி எழுத்தாகிவிட்டது.
மகன் கோர்ன்ஃபிளேக்ஸ் கோப்பையோடு
பின்னால் நின்று எழுத்துக் கூட்டுகிறான்:
கெ. ள. சி. கா.
யாரம்மா இது?

இத்தோடு கிரேக்கமும் வேண்டும்.
மாப்பிள்ளை மனோலி. தாய் ஸ்டவ்ரூலாவுக்கு
ஓக்லியில் முப்பத்தெட்டு வருடமாய்க் கேக் கடை.
எங்கள் பேச்சு அவவுக்கு, அவவின் பேச்சு எங்களுக்கு,
ஒரே தட்டில் பரிமாற வேண்டும்.
இரண்டு மொழியும் உள்ள எழுத்துரு
இருநூற்று நாற்பது டொலர்.
இரவு இரண்டு மணிக்கு இன்னொன்று அகப்பட்டது.
விலையில்லை. கீழே ஒரே நிபந்தனை:
சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்.

நாற்பது டிவிடி அடிக்க வேண்டும்.
சொந்தம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினேன்.
பேர்த்தில் இருக்கும் பெரியண்ணர்,
காணிக் கதைக்குப் பிறகு கதைக்கிறதில்லை,
ஆனாலும் சொந்தம்.
ஸ்டவ்ரூலா, பங்குனியில் இருந்து.
அவவின் கடையில் மாப் பிசையும் லெபனான் பெடியன்,
மேளத்துக்கு முன்னால் ஆடியவன்,
படத்தில் எட்டு இடத்தில் வருகிறான்:
அவனை எந்தக் கணக்கில் போட?
விடியப் போகிறது. இறக்கினேன்.

கிரேக்க வரிகளுக்கு ஆங்கிலத்தை
மனோலியின் தங்கை டெஸ்பினா அனுப்பினாள்.
எல்லாவற்றுக்கும் அனுப்பினாள்,
நாற்பத்தோராவது நிமிடத்தைத் தவிர.
தாலி ஏறும்போது ஸ்டவ்ரூலா குனிந்து
தனக்குள் ஏதோ சொல்கிறா.
மைக் பிடித்துவிட்டது.
அதை மட்டும் விட்டுவிடு என்று எழுதியிருந்தாள்.

விட்டேன்.
மூன்று விநாடி, திரையின் அடியில் ஒன்றுமில்லை.
பக்கச்சார்பு கூடாதென்று
அதே நேரம் எங்கள் மாமி
கைலேஞ்சிக்குள் முணுமுணுத்ததையும் அழித்தேன்.
அந்த இரண்டுக்கும்
எழுத்துரு தேட வேண்டியிருக்கவில்லை.

நேற்று உறையை அச்சடித்துக்கொண்டு
ரயிலில் ஓக்லிக்குப் போனேன்.
ஸ்டவ்ரூலா மாக் கையோடே வாங்கி,
இதில் எது என் மகன், என்றா.
காட்டினேன்.
அப்போ இது அவள், என்று தானே சொல்லி
கௌவின் மேல் விரலை வைத்தா.
கொம்பில் இருந்து வால் வரைக்கும் மா.
ஊதினேன்.
எழுத்துக் கழரவில்லை.